கடைசிப் பாடமாகிவிட்ட கணினி: வடசென்னைப் பிள்ளைகளும் நம் கடமையும்



ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் நம் பங்கு அலுவலகங்களில் ஒரு காட்சியைக் காணலாம். மதிப்பெண் பட்டியலைக் கையில் பிடித்தபடி ஒரு தாய் நிற்பார். அருகில் பிள்ளை தலைகுனிந்து நிற்கும். "ஃபாதர், கம்ப்யூட்டர் குரூப் கேட்டோம். மார்க் பத்தாதுன்னு சொல்றாங்க. நீங்க ஒரு லெட்டர் கொடுத்தா கிடைக்கும்னு சொன்னாங்க" என்பார். பங்குத்தந்தையும் கடிதம் எழுதிக் கொடுப்பார். சில நேரம் அது பலிக்கும். பல நேரம் பலிக்காது.

அந்தக் கடிதத்தால் தீராத ஒரு கேள்வி இருக்கிறது. கணினி அறிவியலை முறையாகக் கற்கும் வாய்ப்பு, ஏன் ஒரு பிள்ளைக்குப் பதினைந்து, பதினாறு வயதில்தான் வருகிறது? அதுவும் ஏன் மதிப்பெண் உள்ளவருக்கும் கட்டணம் செலுத்த முடிந்தவருக்கும் மட்டும் வருகிறது? இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் வாழும் நாம் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நின்று சிந்திக்க வேண்டியிருக்கிறது.

தொடங்கி வைத்த மண்

வடசென்னை பின்தங்கிய பகுதி என்று சொல்லிச் சொல்லியே நாமும் அதை நம்பிவிட்டோம். ஆனால் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856-ம் ஆண்டு புறப்பட்டது நம் இராயபுரத்திலிருந்துதான். அந்த நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கியதுதான் இன்றைய எம்.ஆர்.எஃப். நிறுவனம். 1955-ல் அதே திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை எழத் தொடங்கியது. எண்ணூரில் லாரிகள் உருவாயின. மணலியில் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கப்பட்டது. துறைமுகம் இவை எல்லாவற்றையும் உலகோடு இணைத்தது. எத்தனையோ குடும்பங்கள் இந்த ஆலைகளின் சங்கொலியைக் கேட்டு எழுந்து, அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தன.

பிறகு காலம் மாறியது. பின்னி நிறுவனத்தின் பி அண்டு சி ஆலை 1996-ல் மூடப்பட்டது. 1970 முதல் இயங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017 மார்ச் 31 அன்று நிறுத்தப்பட்டது. இதற்கிடையில் 2000-ம் ஆண்டு தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டு, அதைத் தொடர்ந்து பழைய மகாபலிபுரம் சாலை நெடுகிலும் கணினி நிறுவனங்கள் வரிசையாக எழுந்தன. புதிய வேலைகள் நகரின் தெற்கே போயின. பழைய வேலைகளும் பழையபடி இல்லை. துறைமுகத்தில் பெட்டகங்கள் எங்கே இறங்குகின்றன, எந்த லாரியில் ஏறுகின்றன என்பதை இன்று கணினி கணக்கு வைக்கிறது.

2021 பிப்ரவரியில் மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை வந்துவிட்டது. தெற்கே போக நல்ல வண்டி இருக்கிறது. அதில் ஏறும் நம் பிள்ளை அங்கே போய் எந்த வேலையில் அமரும்? காவல் பணியிலும் துப்புரவுப் பணியிலும் மட்டும்தானா? அந்தப் பணிகள் மதிப்பிற்குரியவை, அதில் ஐயமில்லை. ஆனால் வேறு எதையும் தேர்ந்தெடுக்க வழியில்லாமல் அவற்றை ஏற்பது நீதியாகுமா?

கணினி பழகுவதும் கணினி அறிவியலும்

"பையன் எந்நேரமும் செல்போன்லதான் இருக்கான், அவனுக்கா கம்ப்யூட்டர் தெரியாது?" என்று பெற்றோர் பலர் கேட்பதுண்டு. செல்போனைப் பயன்படுத்தத் தெரிவது வேறு. அது எப்படி வேலை செய்கிறது, அதை எப்படி வேலை வாங்குவது என்று அறிவது வேறு. முன்னது பழக்கம், பின்னது கல்வி. பேருந்தில் தினமும் பயணம் செய்கிறவரெல்லாம் ஓட்டுநர் ஆகிவிடுவதில்லை அல்லவா?

நமக்குப் பழகிய ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். திருமண ஓலைக்காகத் திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டும் என்று ஒருவர் பங்கு அலுவலகத்துக்கு வருகிறார். 400 பக்கங்கள் கொண்ட பதிவேடு, நாள் வரிசையில் எழுதப்பட்டிருக்கிறது. முதல் பக்கத்திலிருந்து புரட்டினால் 400 பக்கங்களையும் பார்க்க நேரிடலாம். அனுபவமுள்ள எழுத்தர் அப்படிச் செய்ய மாட்டார். பதிவேட்டை நடுவில் திறப்பார். தேடும் நாள் அதற்கு முந்தியதா, பிந்தியதா என்று பார்ப்பார். முந்தியது என்றால் பின்பாதியை விட்டுவிடுவார். மீதிப் பாதியை மறுபடி நடுவில் திறப்பார். இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால், 400 பக்கங்களில் சரியான பக்கத்தை அதிகம் போனால் 9 தடவையில் கண்டுபிடித்துவிடலாம். 1,000 பக்கங்கள் என்றால் 10 தடவை. 10 இலட்சம் பக்கங்கள் என்றாலும் 20 தடவை போதும்!

இதற்குத்தான் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் இருமத் தேடல் என்று பெயர். பெரிய பெரிய நிறுவனங்களின் கணினிகளும் கோடிக்கணக்கான பெயர்களுக்கிடையே ஒன்றைத் தேட இந்த எண்ணத்தைத்தான் பல வடிவங்களில் பயன்படுத்துகின்றன. ஒரு சிக்கலை எடுத்து, அதைச் சிறு படிகளாகப் பிரித்து, தவறில்லாத வரிசையில் அமைப்பதுதான் கணினி அறிவியலின் உயிர்நாடி. அதை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை வைத்தே சொல்லிக் கொடுக்கலாம். நியூசிலாந்தில் டிம் பெல் என்ற பேராசிரியரும் அவருடைய நண்பர்களும் 1990-களில் அட்டைகளையும் கயிற்றையும் வைத்து, கணினியே இல்லாமல் சிறுவர்களுக்குக் கணினி அறிவியலைக் கற்பிக்கும் முறையை உருவாக்கினார்கள். இன்று அது பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது.

காசிமேட்டிலிருந்து கடலுக்குப் போகும் தந்தை, மீன்பாடு உள்ள இடத்தை ஜி.பி.எஸ். கருவியில் குறித்து வைத்துக்கொள்கிறார். குறைந்தது நான்கு செயற்கைக் கோள்களிலிருந்து வரும் சமிக்ஞைகளின் நேரத்தைக் கணக்கிட்டு, அந்தக் கருவி தன் இடத்தை அறிகிறது. தந்தை கையில் வைத்திருக்கும் கருவிக்குள் கணிதம் இருக்கிறது, அறிவியல் இருக்கிறது என்று மகளுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா?

மூடியிருக்கும் மூன்று கதவுகள்

தமிழக அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படித்த மேல்நிலை மாணவர்கள் இலட்சக்கணக்கில் மடிக்கணினி பெற்றார்கள். வீட்டில் முதல் கணினி அதுதான் என்ற குடும்பங்கள் நம் பங்குகளில் ஏராளம். பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு பள்ளிகளில் அது தொடரவில்லை. 2025-ம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கணினி வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2018-ல் மேல்நிலைப் பாடத்திட்டம் புதுப்பிக்கப்பட்டபோது, சி பிளஸ் பிளஸ், பைத்தான் போன்ற கணினி மொழிகள் தமிழ்வழி மாணவருக்கும் தமிழிலேயே விளக்கி எழுதப்பட்டன. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் அமைந்தன. இவற்றுக்கெல்லாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஆயினும் மூன்று கதவுகள் இன்னும் மூடியே இருக்கின்றன.

முதலாவது, பாடப்புத்தகம். ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை கணினி தனிப் பாடமாக இல்லை. அறிவியல் புத்தகத்தின் இறுதியில் ஒரு பாடமாக இருக்கிறது. பத்தாம் வகுப்பில், விளையாட்டுப் போலக் கற்கும் ஸ்கிராட்ச் என்ற நிரல்மொழி அங்கே அறிமுகமாகிறது. நல்ல பாடம்தான். ஆனால் அதை நடத்துபவர் அறிவியல் ஆசிரியர். இயற்பியலையும் வேதியியலையும் உயிரியலையும் முடித்து, திருப்புதல் தேர்வுகளும் நெருங்கும் வேளையில், கடைசிப் பாடத்துக்கு எவ்வளவு நேரம் மிஞ்சும் என்பதை ஆசிரியர்களாகப் பணிபுரியும் நம் சகோதர சகோதரிகள் அறிவார்கள். கணினியைத் தொடாமலே கணினிப் பாடம் மனப்பாடமாகிவிடுகிறது.

இரண்டாவது, மேல்நிலையில் பிரிவு ஒதுக்கீடு. கணினி அறிவியல் பிரிவில் இடங்கள் குறைவு. கேட்பவர்கள் அதிகம். எனவே மதிப்பெண் வரிசையில் ஒதுக்கப்படுகிறது. இங்கே நம்மை நாமே ஆராய்ந்து பார்க்க வேண்டிய ஓர் உண்மையும் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிகள் பலவற்றில் கணினி அறிவியல் பிரிவு சுயநிதிப் பிரிவாகவே நடக்கிறது. அதற்கான ஆசிரியரின் ஊதியத்தை அரசு தருவதில்லை. எனவே பள்ளி கட்டணம் வாங்க வேண்டியிருக்கிறது. பள்ளி நிர்வாகத்தின் சிரமம் உண்மையானது. ஆனால் விளைவு என்ன? தமிழையும் வரலாற்றையும் கட்டணமின்றிப் படிக்கும் அதே வளாகத்தில், கணினியைப் படிக்க மட்டும் ஏழைப் பிள்ளை பணம் கட்ட வேண்டும். திருச்சபை நடத்தும் பள்ளிகளும் இதற்கு விதிவிலக்கல்ல. யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம் வீட்டுக் கணக்கை நாமே பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறோம்.

மூன்றாவது, வீடு. 2017-18-ல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்திய நகரங்களில் கணினி இருந்த வீடுகள் 100-க்கு 23 அல்லது 24 மட்டுமே. கிராமங்களில் 100-க்கு 4 அல்லது 5. ஒரே அறையில் ஐந்து பேர் வாழும் குப்பத்து வீட்டில் கணினி எங்கே வைப்பது, யார் அமைதியாக இருந்து படிப்பது? 2020 பெருந்தொற்றின்போது ஒரே செல்போனை அண்ணனும் தங்கையும் மாற்றி மாற்றி வைத்துப் பாடம் கேட்டதை நாம் மறந்துவிடவில்லை.

அண்டை மாநிலம் தரும் பாடம்

கேரளத்தில் 2001-ல் ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டம் தொடங்கியது. 2017-ல் அது கைட் என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. அங்கே நாம் கவனிக்க வேண்டியவை மூன்று. கணினிப் பட்டதாரிகள் வரட்டும் என்று காத்திராமல், ஏற்கெனவே பணியில் இருந்த கணித, மொழி, சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கே பெருமளவில் பயிற்சி அளித்தார்கள். விலை கொடுத்து வாங்கும் மென்பொருளை விட்டு, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்கு மாறினார்கள். அரசுப் பள்ளிகளோடு உதவி பெறும் பள்ளிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். இதனால் உயர்நிலைப் பள்ளியிலேயே எல்லாப் பிள்ளைகளும் கணினியைக் கையால் தொட்டுச் செய்முறையாகக் கற்க வழி பிறந்தது. 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் மன்றங்களும் இயங்குகின்றன.

மதிப்பெண் பார்த்துச் சிலருக்குக் கொடுப்பதைவிட, எல்லாருக்கும் கொஞ்சமாவது கொடுத்துத் தொடங்குவதே அந்த வழியின் சிறப்பு. இங்கிலாந்திலும் 2014 முதல் ஐந்து வயதிலிருந்தே கணினிக் கல்வி எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய பாடமாக இருக்கிறது.

திருச்சபைக்கு இது புதிதன்று

"கம்ப்யூட்டர் கற்றுக் கொடுப்பது கோவிலின் வேலையா?" என்று சிலர் கேட்கலாம். 17-ம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் கல்வி என்றால் இலத்தீன் மொழியில்தான். புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லா சால் ஏழைப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியாகிய பிரெஞ்சில் வாசிக்கக் கற்றுக் கொடுத்தார். வசதி உள்ளவர்களுக்கு மட்டும் என்றிருந்த கதவை அவர் திறந்துவிட்டார். 1950-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார். தூரின் நகரில் புனித தொன் போஸ்கோ, வேலை தேடி வந்த இளைஞர்களுக்கு மாலைப் பள்ளி நடத்தினார். முதலாளிகளோடு அவர்களுக்காக ஒப்பந்தம் எழுதினார். 1952-ல் உருவான சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தின் முதல் பேராயர் லூயிஸ் மத்தியாஸ் ஆண்டகை அந்தச் சலேசிய சபையைச் சேர்ந்தவர் என்பது நம் மண்ணுக்குப் பெருமை.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2002-ம் ஆண்டு, இணையத்தில் நன்னெறி பற்றி வத்திக்கான் வெளியிட்ட ஏடு, கணினி வாய்ப்பு உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையே உள்ள பிளவை நீதி சார்ந்த பிரச்சினையாகப் பேசியது. 2025 மே மாதம் பொறுப்பேற்ற திருத்தந்தை பதினான்காம் லியோ, தொழிலாளர் உரிமைக்காக 1891-ல் சுற்றுமடல் எழுதிய பதின்மூன்றாம் லியோவை நினைவுகூர்ந்தே அந்தப் பெயரைத் தேர்ந்ததாகக் கூறினார். இன்றைய தொழிற்புரட்சி செயற்கை நுண்ணறிவு என்றும் சுட்டிக்காட்டினார். ஆலைத் தொழிலாளர் வாழும் நம் பகுதிக்கு இதைவிட நெருக்கமான செய்தி வேறு உண்டா?

2025 செப்டம்பர் 7 அன்று அவர் புனிதராக உயர்த்திய கார்லோ அகுதிஸ், 15 வயதில் 2006-ல் இறந்த சிறுவர். தானாகவே நிரல் எழுதக் கற்று, நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையதளம் உருவாக்கியவர். அவருடைய படத்தை நம் ஆலயங்களிலும் வைக்கிறோம். ஒன்றை நினைத்துப் பாருங்கள். கார்லோ வசதியான குடும்பத்தில் பிறந்தவர். அவர் வீட்டில் கணினி இருந்தது. அதே திறமையோடு நம் குப்பங்களிலும் பிள்ளைகள் பிறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் கையில் யார் கணினியைக் கொடுப்பது?

நம் பங்கில் என்ன செய்யலாம்?

பெரிய கட்டடம் தேவையில்லை. ஞாயிறு மறைக்கல்வி நடக்கும் அறை மற்ற நாள்களில் மாலையில் பூட்டித்தான் கிடக்கிறது. அலுவலகங்கள் மாற்றிவிட்ட பழைய கணினிகள் எட்டோ பத்தோ கிடைத்தால், லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருளை நிறுவிச் செலவின்றி இயக்கலாம். நம் பங்கிலிருந்து தினமும் மெட்ரோவில் ஏறித் தெற்கே வேலைக்குப் போகும் இளையோர் இருக்கிறார்கள். அவர்களில் நான்கு பேர் வாரத்துக்கு ஒரு மாலை ஒதுக்கினால் ஆசிரியர் பிரச்சினை தீரும். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு தொடங்குவது நல்லது. மதிப்பெண் கேட்க வேண்டாம், மதம் கேட்க வேண்டாம். பெண்பிள்ளைகளுக்குப் பாதி இடம் என்று முதலிலேயே முடிவு செய்யலாம். பெரியவர் இருவர் எப்போதும் உடன் இருக்கட்டும். திரைகள் எல்லாருக்கும் தெரியும்படி இருக்கட்டும். பெற்றோரின் அச்சமும் நீங்கும்.

பாடத்தைத் தமிழிலேயே நடத்தலாம். கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும், சிந்தனை தாய்மொழியில் ஓடினால்தான் பிள்ளைக்குத் துணிவு வரும். 1999-ல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ் 99 விசைப்பலகையில் தட்டச்சுப் பழகினால், பாட்டி சொல்லும் கதையைப் பேத்தி கணினியில் எழுதி வைக்கலாம்.

அடுத்தது, நம் பகுதி நிறுவனங்கள். 2013-ம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருமானமோ இலாபமோ உள்ள நிறுவனங்கள் தம் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் அதில் அடங்கும். புகையையும் சாம்பலையும் சுவாசிப்பவர்கள் நாம். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது வலையையும் படகையும் இழந்து நின்றவர்கள் நம் மக்கள். எனவே உரிமையோடு கேட்கலாம். ஆனால் கேட்கும்போது கணினிகளை மட்டும் கேட்காமல், சுயநிதிப் பிரிவில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளின் கட்டணத்தையும், ஓர் ஆசிரியரின் மூன்றாண்டு ஊதியத்தையும் கேட்போம். நாடா வெட்டிப் படம் எடுக்க அது உதவாது. பிள்ளைகளுக்கு உதவும்.

இன்னொன்று. கடலோரக் காற்றில் உப்பு இருப்பதால், பயன்படுத்தாமல் பூட்டி வைத்த கணினியின் உள்பாகங்கள் விரைவில் துருப்பிடிக்கும். தாலந்தைப் புதைத்து வைத்த ஊழியனை ஆண்டவர் கண்டித்த உவமை (மத் 25:14-30) நமக்குத் தெரியும். திறப்பு விழாவுக்குப் பிறகு பூட்டப்படும் ஆய்வகமும் புதைக்கப்பட்ட தாலந்துதான்.

படகே வகுப்பறையானது

இராயப்பர் என்று நம் முன்னோர் அன்போடு அழைத்த புனித பேதுருவின் பெயரோடு இணைத்துத்தான் இராயபுரம் என்ற பெயருக்கே விளக்கம் சொல்வார்கள். லூக்கா நற்செய்தி 5-ம் அதிகாரத்தை இன்று மாலை குடும்பமாக அமர்ந்து வாசித்துப் பாருங்கள். ஆண்டவர் மக்களுக்குப் போதிக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. இரவெல்லாம் உழைத்தும் மீன் கிடைக்காமல் சோர்ந்திருந்த பேதுரு, தன் வெறும் படகைக் கொடுத்தார். அந்தப் படகே வகுப்பறையானது. அதற்குப் பிறகுதான் ஆழத்துக்குப் போகச் சொன்ன அழைப்பும் வலை கிழியும் அளவு மீன்பாடும் வந்தன.

நம்மிடம் இருப்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. மாலையில் பூட்டிக் கிடக்கும் ஓர் அறை, சில பழைய கணினிகள், மனமுள்ள நான்கு இளையோர். அடுத்த அன்பியக் கூட்டத்திலும் பங்குப் பேரவையிலும் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசுவோம். நம் பங்கில் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று முதலில் கணக்கெடுப்போம். அவர்களில் கணினியைத் தொட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று அடுத்துக் கேட்போம். அந்த இரண்டு எண்களும் நாம் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடும். இன்னும் சில ஆண்டுகள் கழித்து, தேர்வு முடிவு வந்த மறுநாள், சிபாரிசுக் கடிதம் கேட்டு வரும் தாய்மார்களின் வரிசை கொஞ்சமாவது குறையட்டும். இறைவன் நம் முயற்சிகளை ஆசீர்வதிப்பாராக!